டூல்பாரை மறைப்பதா, படிவத்தைப் பூட்டுவதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பங்கு வேர்ட் படிவங்களைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, படிவக் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அலுவலகங்களுக்குப் படிவம் தயாரித்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். இந்தப் பொருளில் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி (மனிதவளப் பிரிவில் பணியாற்றும் வாசகி): புதிதாகப் பணியில் சேர்பவர்கள் நிரப்ப வேண்டிய விவரப் படிவத்தை வேர்டில் தயாரித்திருக்கிறேன். நிரப்பி வரும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. ஒருவர் எழுத்துருவை மாற்றுகிறார். இன்னொருவர் அட்டவணையில் ஒரு வரிசையையே நீக்கிவிடுகிறார். உறுதிமொழி வாக்கியத்தைத் திருத்தி அனுப்பியவரும் உண்டு. படிவத்தைத் திறந்ததும் டூல்பார் எதுவும் தெரியாமல் செய்ய முடியுமா? நண்பர் கொடுத்த ஒரு மேக்ரோவை (வேர்டுக்குள் இயங்கும் சிறு நிரல்) போட்டுப் பார்த்தேன். இப்போது மற்ற டாகுமெண்டுகளைத் திறந்தாலும், டேப்களும் பட்டன்களும் அடங்கிய மேல்பட்டையான ரிப்பன் சுருங்கிக் கிடக்கிறது.

பதில்: மறைக்க முடியும். வழியும் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளை மறுபடி பாருங்கள். எழுத்துரு மாறுகிறது, வரிசை நீங்குகிறது, உறுதிமொழி திருத்தப்படுகிறது. டூல்பாரை முழுவதும் மறைத்தாலும் இந்த மூன்றில் ஒன்றுகூட நிற்காது. கண்ட்ரோல் கீயுடன் பி (B) அழுத்தினால் எழுத்து தடிமனாகும். கண்ட்ரோலுடன் டி (D) அழுத்தினால் எழுத்துருவை மாற்றும் பெட்டியே திறந்துகொள்ளும். உறுதிமொழியைத் திருத்த டூல்பார் எதற்கு? கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் அழுத்தினால் போதும். பட்டனை மறைத்தால் பட்டன் மட்டும்தான் மறைகிறது. கட்டளை வேர்டுக்குள் அப்படியே இருக்கிறது. வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுத் தெருவிளக்கை அணைப்பது போன்ற பாதுகாப்பு அது.

ஆகவே முதலில் படிவத்தைப் பூட்டுங்கள். ரிவ்யூ டேபில் ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங் என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பலகம் திறக்கும். அதில் மூன்று பகுதிகள். பலரும் நேராக இரண்டாவது பகுதிக்குப் போய்விடுகிறார்கள். முதல் பகுதியை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் டூல்பார் பற்றிய உங்கள் கவலைக்கு நேரான மருந்து அங்கேதான் இருக்கிறது. வடிவமைப்பைக் குறிப்பிட்ட ஸ்டைல்களுக்குள் (எழுத்துரு, அளவு போன்றவற்றைப் பெயரிட்டுத் தொகுத்தவை) மட்டும் அனுமதிக்கும் பெட்டி அது. அதை டிக் செய்து, செட்டிங்ஸ் இணைப்பில் எந்தெந்த ஸ்டைல்களை அனுமதிக்கலாம் என்று தேர்ந்தெடுங்கள். பூட்டு நடைமுறைக்கு வந்ததும் எழுத்துரு, அளவு, தடிமன், சாய்வு, நிறம் ஆகிய பட்டன்கள் மங்கி நின்றுவிடும். அந்தக் கட்டளைகளின் ஷார்ட்கட் கீகளும் வேலை செய்யாது. அதே செட்டிங்ஸ் பெட்டியின் அடியில், டாகுமெண்டின் தீம் (Theme) என்ற ஒட்டுமொத்தத் தோற்றத்தையும் ஸ்டைல் தொகுப்பையும் மாற்ற விடாமல் தடுக்கும் இரண்டு சிறு பெட்டிகள் இருக்கின்றன. அவற்றையும் டிக் செய்யுங்கள். தீம் மாறினால் படிவம் முழுவதும் ஒரே சொடுக்கில் வேறு எழுத்துருவுக்குப் போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது பகுதியில், எந்த வகைத் திருத்தத்தை மட்டும் அனுமதிப்பது என்று கேட்கும் பட்டியலில் ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது பகுதியில் உள்ள பட்டனை அழுத்திப் பாஸ்வேர்டு கொடுத்தால் பூட்டு விழுந்துவிடும். இனி நிரப்புபவர் கர்சரை வைக்கக்கூடிய இடங்கள் நீங்கள் ஒதுக்கிய கட்டங்கள் மட்டுமே. உறுதிமொழி வாக்கியத்தைத் தொட முடியாது. வரிசையை நீக்க முடியாது. இன்செர்ட், டிசைன், லேஅவுட் டேப்களுக்குப் போய்ப் பாருங்கள்: ஏறக்குறைய எல்லா பட்டன்களும் மங்கலாகியிருக்கும். நீங்கள் மேக்ரோ எழுதி அடைய நினைத்ததை வேர்ட் தானாகவே செய்து கொடுத்துவிடுகிறது.

இந்தப் பூட்டு வேலை செய்ய, நிரப்ப வேண்டிய இடங்களில் முறையான கட்டங்கள் இருக்க வேண்டும். புள்ளிக்கோடு போட்டு வைத்திருந்தால் பூட்டிய பிறகு ஒருவராலும் ஒன்றும் எழுத முடியாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போய் டெவலப்பர் என்பதை டிக் செய்தால் அந்த டேப் வெளியே வரும். அதில் இரண்டு தலைமுறைக் கட்டங்கள் இருக்கின்றன. லெகஸி டூல்ஸ் என்பதற்குள் இருப்பவை பழைய ஃபார்ம் ஃபீல்டுகள். எழுதும் கட்டம், டிக் செய்யும் கட்டம், கீழ்விரியும் பட்டியல் என மூன்றுதான். வெளியே இருப்பவை 2007 பதிப்பில் அறிமுகமான கன்டென்ட் கண்ட்ரோல்கள். இவற்றில் தேதி தேர்வு, படம் என்று வகை கூடுதல். பழைய ஃபீல்டில் எத்தனை எழுத்துகள் வரை எழுதலாம் என்று வரம்பு வைக்கலாம். ஆனால் அதன் கீழ்விரியும் பட்டியலில் 25 விவரங்களுக்கு மேல் இடமில்லை. துறைகளின் பெயர்கள் அதற்கு மேல் போனால் கன்டென்ட் கண்ட்ரோலுக்கு மாறுங்கள். எழுதும் கட்டத்துக்கு பிளெயின் டெக்ஸ்ட் வகையைப் பயன்படுத்தி, அதன் பிராப்பர்ட்டீஸில் ஸ்டைலையும் நிர்ணயித்துவிடுங்கள். உள்ளே எழுதுவது நீங்கள் சொன்ன எழுத்துருவிலேயே விழும். அதே பெட்டியில் கட்டத்தை நீக்க முடியாதபடி பூட்டும் வசதியும் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ரிப்பனையும் மறைக்க வேண்டுமா? பெரும்பாலான படிவங்களுக்குத் தேவையில்லை என்பதே என் அனுபவம். ஆனாலும் மங்கலான பட்டன்களின் கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறவர்கள் உண்டு. புதிதாகப் பணியில் சேர்ந்து, பதற்றத்தோடு படிவத்தைத் திறக்கும் ஒருவருக்குத் திரை அமைதியாக இருந்தால் நல்லதுதான். அப்படி வேண்டுமானால் மேக்ரோ எழுதாதீர்கள். படிவக் கோப்புக்குள்ளேயே ரிப்பன் வரையறையை வைத்துவிடலாம்.

இது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வேர்ட் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் கஸ்டம் யூஐ என்ற பெயரில் ஒரு சிறிய எக்ஸ்எம்எல் (குறியீட்டு உரை) கோப்பைச் சேர்த்தால், அந்த டாகுமெண்ட் முன்னால் இருக்கும்போது ரிப்பன் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். இதற்கென்றே ஆஃபீஸ் ரிப்பன்எக்ஸ் எடிட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பொட்டலத்தைப் பிரிக்காமலேயே வேலையை முடித்துவிடலாம். ரிப்பன் என்ற உறுப்புக்கு ஸ்டார்ட் ஃப்ரம் ஸ்கிராட்ச் என்ற பண்பைச் சேர்த்து, மதிப்பாக ட்ரூ என்று கொடுங்கள். மூன்று சொற்களையும் இடைவெளியில்லாமல் சேர்த்து எழுத வேண்டும். ஃப்ரம், ஸ்கிராட்ச் ஆகிய இரண்டின் முதல் எழுத்துகள் மட்டும் பெரிய எழுத்தில் வர வேண்டும். ட்ரூ முழுவதும் சிறிய எழுத்தில். எக்ஸ்எம்எல் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காது. எழுத்து பிசகினால் வேர்ட் சத்தமில்லாமல் அந்த வரையறையைப் புறக்கணித்துவிடும். பிழையைத் திரையில் காட்ட வைக்க, ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியின் அடிப்புறம் ஆட்-இன் இடைமுகப் பிழைகளைக் காட்டச் சொல்லும் ஒரு பெட்டி இருக்கிறது. சோதிக்கும் நாட்களில் அதை டிக் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஃப்ரம் ஸ்கிராட்ச் கொடுத்ததும் வேர்டின் வழக்கமான டேப்கள் அனைத்தும் போய்விடும், ஃபைல் டேப் மட்டும் நிற்கும். எல்லாவற்றையும் போக்க வேண்டாம், இன்செர்ட் மட்டும் தெரியக்கூடாது என்றால் அந்த ஒரு டேபின் அடையாளப் பெயரைக் குறிப்பிட்டு, விசிபிள் பண்புக்கு ஃபால்ஸ் என்று கொடுக்கலாம். நான் பெரும்பாலும் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுக்கிறேன். வியூ டேபை ஒருபோதும் மறைப்பதில்லை. அதற்கான காரணம் கீழே இன்னொரு வாசகரின் கடிதத்தில் இருக்கிறது.

இந்த வழியின் பெருமை என்னவென்றால், வரையறை அந்தக் கோப்போடு மட்டும் வாழ்கிறது. நிரப்புபவர் தன்னுடைய வேறொரு டாகுமெண்டுக்குத் தாவியதும் அவருடைய ரிப்பன் முழுமையாகத் திரும்பிவிடும். உங்கள் நண்பரின் மேக்ரோ செய்ததோ வேறு. அது ரிப்பனைச் சுருக்கும் கட்டளையை இயக்கியிருக்கிறது. சுருக்கம் என்பது வேர்ட் முழுமைக்குமான அமைப்பு, ஒரு டாகுமெண்டுக்கு உரியது இல்லை. கண்ட்ரோலுடன் எஃப்1 கீயை அழுத்துங்கள், உங்கள் ரிப்பன் பழையபடி விரிந்துவிடும். அந்த மேக்ரோவோடு படிவம் யாருக்காவது போயிருந்தால் அவர்களுக்கும் தயவுசெய்து இதைத் தெரிவியுங்கள். பிறருடைய கணினியில் நாம் கேட்காமல் மாற்றியதை அவர்களாகவே கண்டுபிடித்துச் சரிசெய்யட்டும் என்று விடுவது முறையில்லை.

கேள்வி (படிவம் நிரப்பும் இடத்தில் இருக்கும் மூத்த வாசகர்): எனக்குப் பார்வை மங்கிவருகிறது. அண்மையில் ஒரு விண்ணப்பப் படிவம் மின்னஞ்சலில் வந்தது. திறந்தால் மெனு, டூல்பார் ஒன்றுமே இல்லை. எழுத்தைப் பெரிதாக்க வழி தெரியாமல் பேரனை அழைக்க வேண்டியதாயிற்று. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படிவம் தயாரிக்கும் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டாவதாக வைத்திருக்கிறேன். கண்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்தபடி மவுஸின் உருளையை முன்னால் தள்ளுங்கள், எழுத்து பெரிதாகும். பின்னால் இழுத்தால் சிறிதாகும். இதற்கு எந்த டூல்பாரும் வேண்டாம். திரையின் வலது கீழ் மூலையில் நகர்த்தும் கோடு ஒன்று தெரிந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். அச்செடுக்கக் கண்ட்ரோலுடன் பி (P), சேமிக்கக் கண்ட்ரோலுடன் எஸ், மூடக் கண்ட்ரோலுடன் டபிள்யூ. படிவம் முழுத்திரையை அடைத்துக்கொண்டிருந்தால் இடது மேல் மூலையிலுள்ள எஸ்கேப் கீயை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக டேப் கீ உதவும். கர்சரைச் சரியான இடத்தில் வைக்க மவுஸோடு போராட வேண்டியதில்லை.

படிவம் தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு படிவத்தை முடித்ததும் என் அக்காவிடம் கொடுத்து நிரப்பச் சொல்வேன். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கணினி பழக்கம் உண்டு, ஆர்வம் கிடையாது. அவர் நிரப்பும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்ப்பேன். அவர் கை எங்கே தயங்குகிறதோ அங்கே படிவம் சரியில்லை என்று பொருள். வியூ டேபை மறைத்த ஒரு படிவத்தை அவரிடம் கொடுத்துப் பாருங்கள், இரண்டாவது கட்டத்திலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார். எழுத்தைப் பெரிதாக்குவதும் அச்செடுப்பதும் சேமிப்பதும் நிரப்புகிறவரின் உரிமை. அவற்றை மறைப்பதால் உங்கள் படிவத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை.

கேள்வி (பள்ளி அலுவலகப் பணியாளர்): படிவத்தைப் பூட்டிய பிறகு எழுத்துப்பிழை திருத்தி வேலை செய்யவில்லை. புகைப்படமும் ஒட்ட முடியவில்லை. பூட்டவும் வேண்டும், இவையும் வேண்டும்.

பதில்: படிவத்தைப் பகுதிகளாகப் பிரியுங்கள். விரிவாக எழுத வேண்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் லேஅவுட் டேபிலுள்ள பிரேக்ஸ் வழியாகக் கன்டினியூவஸ் வகை செக்‌ஷன் பிரேக் ஒன்றை வையுங்கள். பக்கம் உடையாது, பார்ப்பவருக்கு வித்தியாசமும் தெரியாது. இப்போது ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங் பலகத்தில், ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ் என்பதன் கீழே பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு ஒன்று புதிதாக முளைத்திருக்கும். அதில் அந்தப் பகுதியின் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். அங்கே எழுத்துப்பிழை திருத்தியும் வரும், படமும் ஒட்டலாம். கர்சர் அந்தப் பகுதிக்குள் நுழையும்போது மங்கியிருந்த பட்டன்கள் உயிர்பெறுவதையும், வெளியே வந்ததும் மறுபடி மங்குவதையும் பார்ப்பீர்கள். திறந்த பகுதியில் எழுத்துருவை மாற்றிவிடுவார்களே என்றால், மேலே சொன்ன ஸ்டைல் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் போடுங்கள். அது டாகுமெண்ட் முழுவதற்கும் பொருந்தும்.

கேள்வி (பழைய கணினியில் வேலை செய்யும் வாசகர்): எங்கள் அலுவலகத்தில் இன்னும் வேர்ட் 2003தான். அதில் ரிப்பனே கிடையாது. படிவம் திறக்கும்போது ஸ்டாண்டர்ட், ஃபார்மேட்டிங் டூல்பார்களை மறைத்து, மூடும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும். மறைத்தாலும் பணியாளர்கள் வலது சொடுக்கில் திரும்ப எடுத்துவிடுகிறார்கள்.

பதில்: 2003 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு வருவதில்லை என்பதை மேலதிகாரியிடம் மறுபடியும் எடுத்துச் சொல்லுங்கள். அதுவரைக்குமான பதில் இது.

அந்தப் பதிப்புகளில் டூல்பார், மெனு எல்லாமே கமாண்ட்பார் என்ற ஒரே இனம். ஒவ்வொன்றுக்கும் விசிபிள், எனேபிள்ட் என்று இரண்டு பண்புகள். நீங்கள் விசிபிள் பண்பை ஃபால்ஸ் ஆக்கியிருக்கிறீர்கள். அது கண்ணிலிருந்து எடுக்கிறது, பட்டியலிலிருந்து எடுப்பதில்லை. அதனால்தான் வலது சொடுக்கில் திரும்ப வருகிறது. எனேபிள்ட் பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். டூல்பார் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். அந்த வலது சொடுக்குப் பட்டியலுக்கும் டூல்பார் லிஸ்ட் என்று ஒரு கமாண்ட்பார் பெயர் உண்டு, அதையும் முடக்கலாம். கஸ்டமைஸ் பெட்டி திறக்காமலிருக்க, கமாண்ட்பார்ஸ் தொகுப்பின் டிசேபிள்கஸ்டமைஸ் பண்பை ட்ரூ ஆக்குங்கள். இது ஆஃபீஸ் எக்ஸ்பி பதிப்பிலிருந்து இருக்கிறது.

மறைப்பது இவ்வளவுதான். கடினமானது திருப்பித் தருவது. 2003இல் டூல்பாரின் நிலை வேர்ட் முழுவதற்கும் பொதுவானது. உங்கள் படிவம் திறந்திருக்கும்போது பணியாளர் வேறொரு கடிதத்தைத் திறந்தால் அங்கேயும் டூல்பார் இருக்காது. ஆகவே டாகுமெண்ட் திறக்கும் நிகழ்விலும் மூடும் நிகழ்விலும் மட்டும் நிரலை எழுதினால் போதாது. கிளாஸ் மாடியூல் ஒன்றில் வேர்ட் அப்ளிகேஷனை வித்ஈவெண்ட்ஸ் என்று அறிவித்து, வின்டோஆக்டிவேட், வின்டோடீஆக்டிவேட் ஆகிய இரு நிகழ்வுகளைப் பிடியுங்கள். படிவத்தின் சாளரம் முன்னால் வரும்போது மறை, பின்னால் போகும்போது திருப்பிக் கொடு. மறைப்பதற்கு முன் எந்தெந்த டூல்பார்கள் தெரிந்துகொண்டிருந்தன என்று குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் திருப்பிக் காட்டுங்கள். ஸ்டாண்டர்டும் ஃபார்மேட்டிங்கும் மட்டும் திரும்பினால், டிராயிங் டூல்பாரை எப்போதும் திறந்து வைத்திருப்பவர் நியாயமாகவே கோபப்படுவார்.

மாற்றங்கள் எங்கே பதிவாக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கஸ்டமைசேஷன்கான்டெக்ஸ்ட் என்ற பண்பைப் படிவத்துக்கே திருப்புங்கள். இல்லையென்றால் அவை நார்மல் டெம்ப்ளேட்டுக்குள் போய் உட்காரும். அந்த டெம்ப்ளேட் அந்தக் கணினியில் உருவாகும் எல்லா டாகுமெண்டுகளுக்கும் தாய்.

மின்சாரம் போய், மூடும் நிகழ்வு இயங்காமலேயே வேர்ட் நின்றுவிட்டால்? ஆல்ட் கீயுடன் எஃப்11 அழுத்தி மேக்ரோ எழுதும் எடிட்டருக்குப் போங்கள். அங்கே கண்ட்ரோலுடன் ஜி அழுத்தினால் இம்மீடியட் சாளரம் வரும். எனேபிள்ட் பண்பை ட்ரூ ஆக்கும் ஒரே வரியை அந்த டூல்பாரின் பெயரோடு எழுதி என்டர் தட்டுங்கள். இந்த மீட்பு வழியை ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கொடுத்து வையுங்கள். மெனுவையும் முடக்குவதாக இருந்தால் இது இல்லாமல் முடக்காதீர்கள்.

படிவத்தைத் திறக்கும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் தானியங்கி மேக்ரோக்கள் இயங்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிரலால் எழுப்பும் தடுப்பு எதற்கும் இந்த வாசல் உண்டு. டூல்ஸ் மெனுவிலுள்ள புரொடெக்ட் டாகுமெண்ட் உங்கள் 2003இலும் இருக்கிறது, ஸ்டைல் கட்டுப்பாடு உட்பட. அதை முதலில் போடுங்கள். மேக்ரோ அதற்கு மேல் ஒரு அலங்காரமாக இருக்கட்டும்.

கேள்வி (கணக்குப் பிரிவு வாசகர்): மேக்ரோவோடு கூடிய படிவம் என் கணினியில் நன்றாக ஓடுகிறது. மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுகிறவர்களிடம் சிவப்புப் பட்டை ஒன்று வந்து மேக்ரோ தடுக்கப்பட்டதாகச் சொல்கிறது. எனேபிள் பட்டனும் இல்லை.

பதில்: 2022இல் மைக்ரோசாஃப்ட் செய்த மாற்றம் இது. இணையம் வழியாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ வந்த கோப்புகளில் மேக்ரோ இயல்பாகவே தடுக்கப்படும். மேக்ரோ வழியாக வைரஸ் பரப்புவது அவ்வளவு பெருகியிருந்தது. இந்த முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பெறுகிறவர் கோப்பைச் சேமித்து, வலது சொடுக்கில் பிராப்பர்ட்டீஸ் திறந்து, அன்பிளாக் பெட்டியை டிக் செய்தால் தடை நீங்கும். ஆனால் முன்பின் தெரியாத நூறு பேரிடம் அப்படிச் செய்யுங்கள் என்று எழுதி அனுப்பாதீர்கள். இன்று உங்கள் படிவத்துக்காகப் பழகிய கை, நாளை ஒரு மோசடிக் கோப்புக்கும் அதையே செய்யும். வெளியாருக்குப் போகும் படிவத்தில் மேக்ரோவே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டுக்கு மேக்ரோ வேண்டாம். ரிப்பன் வரையறைக்கும் வேண்டாம். டேப்களை மறைப்பதோடு நின்றால் அது சாதாரண டாக்எக்ஸ் கோப்பிலேயே வேலை செய்யும். நீங்கள் புதிதாக வைத்த பட்டன் ஒன்று ஏதாவது செய்ய வேண்டும் என்றால்தான் நிரல் தேவைப்படும்.

கேள்வி: பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய படிவத்தை யாராலும் உடைக்க முடியாது என்று நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். படிவப் பூட்டு கோப்பைச் சங்கேதமாக்குவதில்லை. வெற்று டாகுமெண்ட் ஒன்றைத் திறந்து, இன்செர்ட் டேபில் டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல் வழியாகப் பூட்டிய படிவத்தை உள்ளே இழுத்தால் உள்ளடக்கம் பூட்டில்லாமல் வந்துவிடும். சொந்தப் படிவத்தின் பாஸ்வேர்டை மறந்துவிட்டு எழுதியிருக்கும் இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில். தவறுதலாக நடக்கும் மாற்றங்களைத் தடுப்பதற்கான பூட்டு இது. வேண்டுமென்றே திருத்துகிறவரை நிறுத்தாது. உறுதிமொழி, தொகை, நிபந்தனை போன்றவை மாறாமல் வந்திருக்கின்றனவா என்பதை, நிரப்பி வந்த படிவத்தை ரிவ்யூ டேபிலுள்ள கம்பேர் வசதியில் மூலப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். முதல் கேள்வி கேட்ட வாசகியும் இதைக் குறித்துக்கொள்ளலாம். ரகசியம் காக்க வேண்டிய கோப்பு என்றால் ஃபைல் டேபில் உள்ள என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு தனி வசதி; அது உண்மையிலேயே சங்கேதமாக்கும்.

கேள்வி: நிரப்புபவர்கள் மூலப் படிவத்தின் மேலேயே சேமித்துவிடுகிறார்கள். சேவ் பட்டனை மட்டும் முடக்கலாமா?

பதில்: வேண்டாம். படிவத்தை டாட்எக்ஸ் என்ற டெம்ப்ளேட் வகையில் சேமித்துப் பொது ஃபோல்டரில் வையுங்கள். இரட்டைச் சொடுக்கில் திறக்கும் ஒவ்வொரு முறையும் பெயரில்லாத புதிய பிரதி ஒன்றுதான் திறக்கும். மூலம் தொடப்படாது.

கேள்வி (லிப்ரே ஆஃபீஸ் பயன்படுத்தும் வாசகர்): ரைட்டரில் செய்த படிவத்தில் டூல்பார்களை மறைத்து அனுப்ப முடியுமா?

பதில்: நீங்கள் அனுப்பும் கோப்பு எதிர்முனையில் எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில் திறக்கப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் ரைட்டர் படிவத்தை ரைட்டர் கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப் படிவமாக அனுப்புவதையே பரிந்துரைக்கிறேன். ஏற்றுமதி செய்யும் பெட்டியில் கிரியேட் பிடிஎஃப் ஃபார்ம் என்பதை டிக் செய்தால், ஃபார்ம் கண்ட்ரோல்களாக நீங்கள் வைத்த கட்டங்கள் நிரப்பக்கூடியவையாகவே போகும். சுற்றியுள்ள வாசகம் அப்படியே நிற்கும். அதே பெட்டியின் யூசர் இன்டர்ஃபேஸ் டேபில் மெனுபாரை மறை, டூல்பாரை மறை என்ற பெட்டிகளும் இருக்கின்றன. இவை பிடிஎஃப் வாசிப்பானுக்கு வைக்கும் வேண்டுகோள்கள்தாம். எல்லா வாசிப்பான்களும் மதிப்பதில்லை. மதிக்கிற வாசிப்பானில் அந்த மூத்த வாசகரைப் போன்ற ஒருவர் திறந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துவிட்டு டிக் செய்யுங்கள். ரைட்டர் கோப்பாகவே தர வேண்டிய கட்டாயம் இருந்தால், மாறக்கூடாத வாசகத்தை செக்‌ஷனாக்கி அதற்கு எழுத்துத் தடை போடுங்கள்.

கேள்வி (கணினிப் பிரிவு நிர்வாகி): நூற்றுக்கணக்கான கணினிகள். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் குரூப் பாலிசி வழியாக வேர்ட் கட்டளைகளை முடக்கலாம் என்று படித்தேன். படிவத்துக்காக அதைச் செய்யலாமா?

பதில்: வசதி உண்மைதான். ஆஃபீஸுக்கான நிர்வாக டெம்ப்ளேட்டுகளில், இடைமுகக் கட்டளைகளை அவற்றின் அடையாள எண்ணைக் கொடுத்து முடக்கலாம். ஆனால் முடக்கியது அந்தக் கணினியில் எல்லா டாகுமெண்டுகளுக்கும் முடங்கும். ஒரு படிவத்தைக் காக்க ஒரு நிறுவனத்தின் மொத்த எழுத்து வேலையையும் முடக்கக் கூடாது. பொதுமக்கள் வந்து நிரப்பிவிட்டுப் போகும் தனிக் கணினி என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

கேள்வி: மேக்ரோ ஒன்று பூட்டைத் திறந்து, தேதியை எழுதி, மறுபடி பூட்டுகிறது. அந்த நொடியில் நிரப்பிய விவரமெல்லாம் அழிந்துவிடுகிறது. ஏன்?

பதில்: புரொடெக்ட் கட்டளையில் நோரீசெட் என்ற அளபுரு (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் மதிப்பு) ஒன்று உண்டு. அதைக் கொடுக்காவிட்டால், பூட்டும்போது பழைய ஃபார்ம் ஃபீல்டுகள் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். ட்ரூ என்று சேர்த்துக் கொடுங்கள். பாஸ்வேர்டையும் அதே வரியில் கொடுக்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால் படிவம் பாஸ்வேர்டே இல்லாமல் பூட்டிக்கொள்ளும். ஸ்டாப் புரொடெக்‌ஷன் பட்டனை அழுத்துகிற எவரும் திறந்துவிடலாம்.